50-0 பெரிசா, 174-19 பெரிசா? கிளப் சுவர்ல யார் பேரை எழுதுறது?

அல்சூர்_சவுத்பா:

அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன பாக்ஸிங் கிளப். வேலை முடிந்து சாயங்காலம் அங்கே போகிறேன். இப்போது கிளப்புக்கு வெள்ளை அடித்திருக்கிறோம். ரிங்குக்கு எதிரே இருக்கிற பெரிய சுவரை மட்டும் மாஸ்டர் காலியாக விடச் சொன்னார். உலகத் தொழில்முறை பாக்ஸர்களில் பத்துப் பேர், பெயரும் ரெக்கார்டுமாக, பெயின்டில் எழுத வேண்டுமாம். பசங்க ஸ்கிப்பிங் போடும்போது கண் அதில்தான் விழும் என்கிறார். யார் அந்தப் பத்துப் பேர் என்று முடிவு செய்கிற பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது.

பசங்க ஒரே குரலில் சொல்வது, தோற்காதவர்கள் மட்டும்தான் சுவரில் இருக்க வேண்டும் என்று. மேவெதர் 50-0 (50 வெற்றி, தோல்வி பூஜ்யம்) முதலில், ராக்கி மார்சியானோ 49-0 அடுத்து, மெக்சிகோவின் ரிக்கார்டோ லோபெஸ் 51 வெற்றி ஒரு டிரா, வேல்ஸின் ஜோ கால்சாகி 46-0, இப்படிப் போகிறது அவர்கள் பட்டியல். எனக்கு மனசு ஒப்பவில்லை. இந்தக் கணக்கில் சுகர் ரே ராபின்சனுக்குச் சுவரில் இடமே கிடையாது, ஏனென்றால் 174 வெற்றி, 19 தோல்வி, 6 டிரா. முகமது அலி 56-5, ஜோ லூயிஸ் 66-3, ராபர்டோ டுரான் 103-16, இவர்களும் வெளியே. 229 வெற்றி பெற்ற வில்லி பெப் 11 முறை தோற்றதால் அவரும் வெளியே. பழைய ஆட்களின் எண்ணிக்கை ஒரு பட்டியலுக்கும் இன்னொரு பட்டியலுக்கும் ஒன்றிரண்டு மாறும், அது இங்கே பிரச்சினை இல்லை.

"19 தடவை தோத்தவரு எப்படிண்ணா பெரிய ஆளு?" என்று பதிமூன்று வயசுப் பையன் ஒருவன் கேட்டான். நியாயமான கேள்வி. "அந்தக் காலம் வேறடா" என்று சொல்லி அனுப்ப எனக்கு விருப்பமில்லை. எப்படி வேறு? எந்த எண்ணை எந்த எண்ணோடு வைத்துப் பார்ப்பது? விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோரமங்களா_ஜாப்:

என் ஓட்டு பசங்களுக்குத்தான் ப்ரோ. தோற்காமல் இருப்பதே ஒரு திறமை. மேவெதர் யாரையெல்லாம் ஜெயித்தார் என்று பாருங்கள். கொராலஸ், காஸ்டியோ, டி லா ஹோயா, ஹேட்டன், மோஸ்லி, கோட்டோ, கேனலோ, பக்கியாவ். இதில் பாதிப் பேரை ஜெயித்தாலே ஒருவர் வாழ்க்கை நிறைந்துவிடும். 21 வருஷம் ஆடி ஒரு கெட்ட ராத்திரிகூட வரவில்லை. உடம்பு சரியில்லாத நாள், கை வலிக்கிற நாள், எதிராளி புதுசாக எதையோ கொண்டு வருகிற நாள், எல்லாவற்றிலும் வழி கண்டுபிடித்தார். தோளைச் சுருட்டி அடியை வழுக்கி விடுகிற அந்த டிஃபன்ஸை நான் இன்றைக்கும் வீடியோவை மெதுவாக ஓட்டி ஓட்டிப் பார்க்கிறேன். பழைய ஆட்கள் நிறைய ஆடினார்கள் என்பதற்காக அவர்களுடைய தோல்வியை மன்னித்து, இவருடைய பூஜ்யத்தைக் குறை சொல்வது சரியில்லை.

பழைய_சேப்பர்:

சவுத்பா தம்பி, நான் மெட்ராஸ் சேப்பர்ஸ்ங்கிற ராணுவ இன்ஜினியர் படையில இருந்து ரிட்டயர் ஆனவன். உங்க கிளப்புல இருந்து நடந்து போற தூரம்தான் அந்தப் படையோட எம்.இ.ஜி. சென்டர். பட்டாளத்துல பாக்ஸிங் ஆடினேன், பின்னால பசங்களுக்குச் சொல்லியும் கொடுத்தேன். இந்தக் கேள்வியைப் பார்த்துட்டு சும்மா போக முடியல. கொஞ்சம் நீளமா வரும், பொறுத்துக்கோங்க.

அந்தப் பையனுக்கு 19-ங்கிற நம்பரைக் காட்டாதீங்க. 1943 பிப்ரவரி மாசத்தைக் காட்டுங்க.

ராபின்சன் 1940 அக்டோபர்ல புரொஃபஷனல் ஆனாரு. ரெண்டு வருஷம் நாலு மாசத்துல 40 பௌட் (போட்டி), நாப்பதும் ஜெயிச்சாரு. 1943 பிப்ரவரி 5, டெட்ராய்ட்ல ஜேக் லமோட்டா. ராபின்சன் வெல்டர்வெயிட், லமோட்டா அதுக்கு மேல எடைப் பிரிவான மிடில்வெயிட். ரெண்டு பேர் எடைக்கும் நடுவுல ஏறக்குறைய 16 பவுண்டு, அதாவது ஏழு கிலோவுக்கு மேல. எட்டாவது ரவுண்டுல லமோட்டா அடிச்ச அடியில ராபின்சன் கயித்தைத் தாண்டி வெளியே போயிட்டாரு. கடைசியில பாயிண்ட்ல தோல்வி. இன்னைக்கு ஒரு பெரிய ஆளுக்கு இப்படி ஆச்சுன்னா ஆறு மாசம் ஓய்வு, புது கோச், அப்புறம் நம்பிக்கை வர்றதுக்கு ரெண்டு சுலபமான ஆளுங்க. ராபின்சன் என்ன செஞ்சாரு? 19-ம் தேதி நியூயார்க்ல ஜாக்கி வில்சனை ஜெயிச்சாரு. 26-ம் தேதி திரும்பவும் டெட்ராய்ட், அதே லமோட்டா, அதே எடை வித்தியாசம், இந்தத் தடவை ஜெயிச்சாரு. மறுநாள் அமெரிக்க ராணுவத்துல சேர்ந்தாரு. தோத்ததுக்கும் இதுக்கும் நடுவுல முழுசா மூணு வாரம்தான். அதுக்குப் பிறகு எட்டு வருஷம், 91 பௌட், அவரை யாராலும் தோக்கடிக்க முடியல. 1951 ஜூலைல லண்டன்ல ராண்டி டர்பின்கிட்ட பட்டத்தை விட்டாரு. செப்டம்பர்லயே டர்பினை நியூயார்க்குக்கு வரவெச்சு, பத்தாவது ரவுண்டுல நிறுத்தி, பட்டத்தைத் திரும்ப எடுத்துக்கிட்டாரு.

மூணாவது தோல்வி 1952 ஜூன், யாங்கி ஸ்டேடியம். லைட் ஹெவிவெயிட் சாம்பியன் ஜோயி மேக்ஸிமோட மோதினாரு. ராத்திரியிலயும் அனல் கொதிச்ச நாள். ரெஃப்ரியே தாங்க முடியாம பாதியில விலகி, வேற ரெஃப்ரி உள்ளே வந்தாரு. பாயிண்ட்ல ராபின்சன் நல்லா முன்னால இருந்தாரு. பதிமூணாவது ரவுண்டு முடிஞ்சு ஸ்டூல்ல உக்காந்தவரால எந்திரிக்க முடியல. அத்தனை அடி வாங்கின அந்த உடம்பு, 200 பௌட்ல மணி அடிச்சும் எந்திரிக்காத ராத்திரி அது ஒண்ணுதான். மேக்ஸிம் அடிச்சு நிறுத்தல, வெக்கை நிறுத்திச்சு. ரெக்கார்டுல அதுவும் ஒரு தோல்வி.

அந்த வருஷக் கடைசியில ரிட்டயர் ஆனாரு. அப்போ மொத்தத் தோல்வி மூணு. மிச்சம் 16-உம் 1955-ல திரும்பி வந்ததுக்கு அப்புறம் சேர்ந்தது. நடுவுல மிடில்வெயிட் பட்டத்தைத் திரும்பத் திரும்ப ஜெயிச்சாருங்கிறது வேற. அதுல அஞ்சு தோல்வி 1965 ஒரே வருஷத்துல, 44 வயசு ஆகுற வருஷம். அந்த அஞ்சையும், இருபத்தஞ்சு வயசு ராபின்சனையும் ஒரே கூட்டல்ல போட்டா கணக்கு சரியா வருமா? அதனால நான் யாரோட ரெக்கார்டை எடுத்தாலும் முதல்ல தேடுறது, முதல் தோல்வி எந்த வயசுல, யார்கிட்ட, அடுத்து அந்த ஆள் என்ன செஞ்சாருன்னு. மொத்தக் கூட்டல் அப்புறம்.

கோரமங்களாத் தம்பி சொன்னதை நான் தள்ளல. மேவெதர் ஜெயிச்ச பேருங்க எல்லாம் உண்மையான பேருங்க. கேனலோவை 2013-ல அவர் ஆடவிட்ட விதம், அதாவது ஆடவிடாத விதம், பாடமா வெக்கலாம். ஆனா வேகத்தைப் பாருங்க. 1996 அக்டோபர்ல ஆரம்பிச்ச மேவெதருக்கு 40-வது வெற்றி 2009 செப்டம்பர்ல, மார்க்கெஸை ஜெயிச்சப்போ. ஏறக்குறைய 13 வருஷம். ராபின்சனுக்கு அதே 40, ரெண்டு வருஷம் நாலு மாசம்.

இது சோம்பேறித்தனம் இல்ல, காசு வர்ற வழி மாறிப்போச்சு. அப்போ வாசல்ல டிக்கெட் வித்தாதான் வருமானம். இந்த வாரம் டெட்ராய்ட், அடுத்த வாரம் பிலடெல்பியான்னு ஊர் ஊரா ஆடணும். ஒரு தோல்வி வந்தா அடுத்த வாரம் இன்னொரு பௌட் இருக்கும். டிவியும், வீட்ல ஒரு பௌட் பார்க்கத் தனியா காசு கட்டுற பே-பெர்-வியூவும் வந்த பிறகு வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு பௌட், ஒவ்வொண்ணுலயும் கோடி கோடியா பணம். பேருக்குப் பின்னால இருக்கிற பூஜ்யம்தான் அந்த டிக்கெட்டை விக்குது. ஒரு தோல்வி வந்தா விலை இறங்கிடும். அப்போ பாக்ஸரும் புரமோட்டரும் அந்தப் பூஜ்யத்தைப் பொத்திப் பொத்தி வெப்பாங்க. மேவெதர்-பக்கியாவ் பேச்சு 2009-ல ஆரம்பிச்சது, பௌட் நடந்தது 2015 மே மாசம். ஒருத்தருக்கு 38, ஒருத்தருக்கு 36. நாம பார்க்க ஆசைப்பட்ட பௌட் அது இல்ல. அப்புறம் அந்த 50-வது வெற்றி, கானர் மெக்ரெகர். அதுக்கு முன்னால புரொஃபஷனல் பாக்ஸிங்ல ஒரு பௌட்கூட ஆடாத ஆள். 1940-கள்ல ஒரு சாம்பியன் இப்படி ஒரு ஆளை 50-வதா வெச்சுக் கொண்டாடியிருக்க முடியாது.

வெறும் பூஜ்யம்தான் அளவுன்னா உங்க பசங்ககிட்ட ஒண்ணு கேளுங்க. தாய்லாந்துல வான்ஹெங் மெனயோதின்னு ஒரு மினிமம்வெயிட் (ஆகக் குறைஞ்ச எடைப் பிரிவு) சாம்பியன். மேவெதரைத் தாண்டி 54-0 வரைக்கும் போனாரு, 2020 நவம்பர்லதான் முதல் தோல்வி. அவர் பேரை ஏன் யாரும் சொல்லல? யார்கூட ஆடினாருன்னு பார்க்குறதுனாலதானே? அப்போ நம்மளையும் அறியாம நாம எல்லாரும் பூஜ்யத்தைத் தாண்டித்தான் பார்க்குறோம்.

பூஜ்யம் எப்படித் தயாராகுதுன்னு தெரியணும்னா இங்கிலாந்துல பர்மிங்ஹாம்காரர் பீட்டர் பக்லியைப் பாருங்க. 300 பௌட், 32 வெற்றி, 12 டிரா, 256 தோல்வி. வளர்ற பையங்களுக்கு எதிராளி வேணும்னா இவரைக் கூப்பிடுவாங்க, ரெண்டு நாள் முன்னால சொன்னாலும் வருவாரு. பின்னால உலக சாம்பியன் ஆன நசீம் ஹமீதும் வளர்ற காலத்துல இவர்கூட ஆடினவருதான். அடியை வாங்காம எப்படி நிக்கிறது, சின்னப் பையன் அவசரப்பட்டா எப்படிக் கட்டிப் புடிக்கிறதுன்னு அவருக்கு எல்லாம் தெரியும். அவரை நான் மனசார மதிக்கிறேன். பாதி இங்கிலாந்துக்கு ரிங்குல பாடம் எடுத்தவர். ஆனா எத்தனையோ பேரோட 10-0, 15-0-க்குள்ள இப்படி ஒரு பக்லி இருக்காரு.

இப்போ சட்டத்துக்கு வர்றேன், ஏன்னா இங்கதான் ரெண்டு காலத்தையும் ஒரே தராசுல வெக்க முடியாது. பட்டத்துக்கான பௌட் முன்னால 15 ரவுண்டு. 1982 நவம்பர்ல ரே மான்சினியோட ஆடின கொரியாக்காரர் கிம் டுக்-கூ அடிபட்டு இறந்துபோனாரு. அதுக்கப்புறம்தான் ஒவ்வொரு அமைப்பா 12-க்கு இறக்கினாங்க. அது சரியான முடிவுதான், உயிரைவிட பட்டத்து பெல்ட் பெரிசு இல்ல. ஆனா ரெக்கார்டைப் படிக்கிறவன் அந்த மூணு ரவுண்டை மறக்கக் கூடாது. 1941-ல பில்லி கான், ஜோ லூயிஸைவிட 12 ரவுண்டு முடிவுல முன்னால இருந்தாரு. பதிமூணாவதுல லூயிஸ் அவரைப் படுக்க வெச்சாரு. 1981-ல ஹேர்ன்ஸ் மூணு ஜட்ஜ் சீட்டுலயும் முன்னால. பதினாலாவதுல ரே லெனர்டு முடிச்சாரு. 1952 செப்டம்பர், பிலடெல்பியா, வால்காட் முதல் ரவுண்டுலயே மார்சியானோவைக் கீழே தள்ளினாரு. 12 ரவுண்டு முடிஞ்சப்போ மூணு சீட்டுலயும் மார்சியானோ பின்னால. பதிமூணாவது ரவுண்டுல கயித்துப் பக்கமா ஒரே ஒரு வலது கை, வால்காட் அப்படியே மடிஞ்சு உக்காந்தாரு. இன்னைக்குச் சட்டப்படி ஆடியிருந்தா 49-0-ங்கிற ஒரு விஷயமே உலகத்துல இருந்திருக்காது.

எடை பார்க்குறதும் அப்படித்தான். எங்க பட்டாளத்து பௌட்ல காலைல தராசுல ஏறினா அன்னைக்கே ரிங்குல ஏறணும். பழைய புரொஃபஷனல்ஸுக்கும் அதான் முறை. இப்போ முந்தின நாளே எடை பார்த்துடுறாங்க. தண்ணி, சாப்பாடுன்னு ஒரு ராத்திரியில உடம்பை ஏத்திக்கிட்டு, தராசு காட்டினதைவிட பல கிலோ கூடுதலா ரிங்குக்கு வர்றாங்க. அன்னைக்கு எட்டே எட்டு எடைப் பிரிவு. இன்னைக்கு 17 பிரிவு, பிரிவுக்கு நாலு அமைப்பு, நாலு பெல்ட். 1938-ல ஹென்றி ஆம்ஸ்ட்ராங் ஃபெதர், லைட், வெல்டர் மூணு பட்டத்தையும் ஒரே நேரத்துல கையில வெச்சிருந்தாரு. எட்டுல மூணு! பக்கியாவ் எட்டுப் பிரிவுல ஜெயிச்சது பெரிய சாதனை, அதுல சந்தேகமே இல்ல. ஆனா ஆம்ஸ்ட்ராங்கோட மூணைக் குறைச்சு எடை போட்டுடாதீங்க.

கடைசியா ஒரு பேர். சாம் லாங்ஃபோர்டு. கறுப்பர். லைட்வெயிட்ல இருந்து ஹெவிவெயிட் வரைக்கும் எல்லாரோடயும் ஆடினாரு. ஹெவிவெயிட் பட்டத்துக்கு ஒரு வாய்ப்புகூட அவருக்குக் கிடைக்கல. தானும் கறுப்பரான ஜாக் ஜான்சனே சாம்பியன் ஆன பிறகு லாங்ஃபோர்டுக்கு இடம் கொடுக்கல. வெள்ளைக்காரங்க பல பேர் ஆட மறுத்ததால லாங்ஃபோர்டு, ஹாரி வில்ஸ், ஜோ ஜெனட், சாம் மெக்வே இவங்க நாலு பேரும் திரும்பத் திரும்ப ஒருத்தரோட ஒருத்தரே மோதிக்க வேண்டியிருந்தது. வலுவான நாலு பேர் மாத்தி மாத்தி அடிச்சுக்கிட்டா எல்லார் கணக்குலயும் தோல்வி ஏறத்தானே செய்யும்? அந்தத் தோல்விகளை யார் கணக்குல எழுதுறதுன்னு எனக்குச் சரியாவே தெரியும். அது அந்த நாலு பேர் கணக்கு இல்ல.

மர்ஃபி_டவுன்_ஜட்ஜ்:

சேப்பர் ஐயா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். நான் அமெச்சூர் போட்டிகளில் ஜட்ஜாக உட்கார்கிறவள். வெற்றி, தோல்வி, டிரா என்று ரெக்கார்டில் ஓர் எழுத்தாக நிற்பது, ரிங்கைச் சுற்றி உட்கார்ந்த சிலர் அந்த இரவில் தங்கள் கோணத்திலிருந்து கண்டது. 1993 செப்டம்பரில் சான் அன்டோனியோவில் ஹூலியோ சீசர் சாவேஸ் 87-0 என்று வந்து பெர்னெல் விட்டேகரோடு ஆடினார். விட்டேகர் ஜெயித்தார் என்றுதான் பார்த்தவர்களில் மிகப் பெரும்பாலோர் சொன்னார்கள். மூன்று ஜட்ஜ்களில் இரண்டு பேர் 115-115 என்று சமமாகப் பாயிண்ட் போட்டார்கள், டிரா ஆனது. சாவேஸின் பூஜ்யம் அன்று பிழைத்தது. நான் அந்தப் பௌட்டை ஒலியை நிறுத்திவிட்டு, ரவுண்டு ரவுண்டாகத் தாளில் போட்டுப் பார்த்தேன். எனக்கு விட்டேகர் தெளிவாக முன்னால் வந்தார். சுவரில் எழுதும்போது அந்த டிரா இரண்டு பேருக்கும் ஒரே எடையில் நிற்கும், அதுதான் எனக்கு வலிக்கிறது.

இன்னும் பின்னால் போனால் முடிவே அறிவிக்காத காலம் உண்டு. நியூயார்க்கில் 1911 முதல் 1917 வரை இருந்த சட்டப்படி நாக்அவுட் ஆகாவிட்டால் அதிகாரபூர்வமாக யாருக்கும் வெற்றி இல்லை. மறுநாள் பத்திரிகை நிருபர்கள் எழுதியதுதான் தீர்ப்பு. மற்ற மாநிலங்கள் சிலவற்றிலும் இதே கதை. ஹாரி கிரெப் ஏறக்குறைய 300 பௌட் ஆடியவர், அதில் பெரிய பகுதி இப்படிப்பட்டவை. பட்டியலுக்குப் பட்டியல் அவருடைய எண்கள் மாறுவதற்குக் காரணம் அதுதான். ஆனால் 1922 மே மாதம், பின்னால் ஹெவிவெயிட் சாம்பியன் ஆன ஜீன் டனியை அவர் ஜெயித்தது மாறாது. டனியின் வாழ்க்கையில் இருக்கிற ஒரே தோல்வி அது. டனி அதன்பின் கிரெப்போடு மேலும் நான்கு முறை ஆடினார், ஒன்றிலும் தோற்கவில்லை. தோற்கடித்தவனை விட்டு ஓடாமல் நான்கு முறை எதிரே போய் நின்றாரே, டனியின் அந்த நான்கு பௌட்டுக்காகவே அவரை எனக்குப் பிடிக்கும்.

சவுத்பா தம்பி, உங்கள் கிளப்பில் பெண் பிள்ளைகளும் வருவார்கள் என்று நினைக்கிறேன். பத்துப் பெயரில் ஒரு பெண்கூட இல்லாமல் எழுதிவிடாதீர்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் இரண்டு நிமிஷ ரவுண்டு, பத்து ரவுண்டு. ஆகவே நாக்அவுட் எண்ணிக்கையை ஆண்களோடு ஒப்பிடக் கூடாது, நேரம் குறைவு. லைலா அலி 24-0. அயர்லாந்தின் கேட்டி டெய்லர் 2023 மே மாதம் டப்ளினில், சொந்த ஜனங்கள் முன்னால், சான்டெல் கேமரனிடம் முதல் முறை தோற்றார். அதே வருஷம் நவம்பரில் அதே டப்ளினில் அதே கேமரனை ஜெயித்தார். கிளாரெசா ஷீல்ட்ஸ் அமெச்சூர் காலத்தில் ஒரே ஒரு முறை தோற்றார், 2012-ல் சவானா மார்ஷலிடம். பத்து வருஷம் கழித்து லண்டனில், மார்ஷலின் நாட்டிலேயே, அந்தக் கணக்கைத் தீர்த்தார். என்னைக் கேட்டால் டெய்லர் பெயரை எழுதச் சொல்வேன். தோல்வியும் சேர்த்து.

ஸ்ரீராமபுரம்_பேரன்:

அலி பத்தி யாரும் எழுதல, அதான் வந்தேன். எங்க தாத்தா வியாசர்பாடிக்காரரு. அங்க ஆங்கிலக் குத்துச்சண்டைன்னு சொல்லுவாங்க, பரம்பரை பரம்பரையா ஆடுவாங்க. மில்லு வேலைக்காக பெங்களூர் வந்து ஸ்ரீராமபுரத்துலயே தங்கிட்டாரு. 1980-ல அலி மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்துல ஜிம்மி எல்லிஸோட காட்சிப் போட்டி ஆடினப்போ, எம்.ஜி.ஆரும் வந்திருந்தாரு, தாத்தா ரயிலேறிப் போய்ப் பார்த்துட்டு வந்தவரு. சாகுற வரைக்கும் அலி கால் வெச்ச விதத்தைக் கையால காட்டுவாரு, ரெண்டு விரலைப் பாய்மேல ஓடவிட்டு.

அன்னைக்கு அலியோட ரெக்கார்டு என்ன தெரியுமா? 56-3. அந்த மூணு தோல்வியும் ஃப்ரேசியர், நார்ட்டன், லியான் ஸ்பிங்ஸ். மூணு பேரையும் அலி பின்னால திருப்பி ஜெயிச்சுட்டாரு. ஃப்ரேசியரை ரெண்டு தடவை, நார்ட்டனை ரெண்டு தடவை, ஸ்பிங்ஸை ஏழே மாசத்துல. அதாவது மெட்ராஸ் ரிங்குல ஏறின அந்த மனுஷன் உலகத்துல யாருக்கும் பாக்கி வெக்கல. நாலாவதும் அஞ்சாவதும் அதுக்கு அப்புறம்தான் வந்துச்சு. 1980 அக்டோபர்ல ஹோம்ஸ், 1981 டிசம்பர்ல பெர்பிக். 38, 39 வயசு, உடம்பு கேக்கல. இன்னொண்ணு, வியட்நாம் போருக்குப் போக மாட்டேன்னு சொன்னதுக்காக 1967-ல 29-0-ல இருந்தவரை மூணரை வருஷம் ரிங்குக்கு வெளியே நிறுத்திட்டாங்க. 25 வயசுல இருந்து 28 வரைக்கும். பாக்ஸருக்கு அதைவிட நல்ல வயசு ஏது? அந்த வருஷங்கள் எந்த ரெக்கார்டுலயும் இல்ல. சுவர்ல 56-5-ன்னு எழுதுங்க, ஆனா பையன் கேட்டா இதையும் சொல்லுங்க.

அல்சூர்_சவுத்பா:

எல்லோருக்கும் நன்றி. ராபின்சனின் அந்த பிப்ரவரிக் கதையைப் பசங்களிடம் சொன்னேன். கேள்வி கேட்ட பையன், "அடுத்த நாளே பட்டாளத்துக்கா?" என்று இரண்டு முறை கேட்டான். ராபின்சன், அலி, லூயிஸ், ஆம்ஸ்ட்ராங், பெப், லாங்ஃபோர்டு, கேட்டி டெய்லர், இந்த ஏழு பெயருக்கு எல்லோரும் சம்மதம். மேவெதரும் இருக்கட்டும் என்று முடிவாகிவிட்டது, கோரமங்களா ப்ரோ கவலைப்பட வேண்டாம். மீதி இரண்டு இடம். சேப்பர் ஐயா, மார்சியானோவை என்ன செய்வது? வயதானவர்களைத்தான் ஜெயித்தார் என்கிறார்களே? இந்தக் காலத்து ஆட்களில் உசிக், கிராஃபோர்டு இரண்டு பேரும் தோற்கவே இல்லையே, அவர்களுடைய பூஜ்யமும் பொத்தி வைத்த பூஜ்யம்தானா?

பழைய_சேப்பர்:

மார்சியானோ ஜெயிச்ச பெரிய பேருங்க எல்லாருக்கும் வயசு ஆயிருந்தது உண்மை. 1951-ல ஜோ லூயிஸை ஜெயிச்சப்போ லூயிஸுக்கு 37. லூயிஸ் 1949-ல ரிட்டயர் ஆனவர், வரிக் கடனுக்காகத் திரும்பி வந்தாரு. வராம இருந்திருந்தா அவர் கணக்குல ஷ்மெலிங்கிட்ட 1936-ல தோத்தது ஒண்ணுதான் இருக்கும். அந்த ஷ்மெலிங்கையும் 1938-ல முதல் ரவுண்டுலயே முடிச்சுட்டாரு. மார்சியானோ வேற வழி எடுத்தாரு. 1956-ல, 32 வயசுல நிறுத்தினாரு, எவ்வளவு காசு காட்டியும் திரும்பி வரல. பாக்ஸர்கள்ல அந்த மன உறுதி ரொம்ப அபூர்வம். எஸார்ட் சார்ல்ஸை ஒரே வருஷத்துல ரெண்டு தடவை ஜெயிச்சாரு. ஆனா இருக்கிறது ரெண்டே இடம், நான் அவரைப் பதினொண்ணாவதா வெப்பேன்.

உசிக் பூஜ்யம் பொத்தி வெச்சது இல்ல. கிரிக்கெட்ல வெளிநாட்டு டெஸ்டை வெச்சுத்தானே ஒரு பேட்ஸ்மேனை எடை போடுறோம்? உக்ரைன்காரர் உசிக் ஆடின உலகப் பட்ட பௌட் எல்லாமே வெளிநாட்டு டெஸ்ட். கிளோவாக்கியை போலந்துல, ஹூக்கை பெர்லின்ல, பிரீடிஸை அவர் ஊர் ரீகாவுல, கசியேவை மாஸ்கோவுல, பெல்யூவை மான்செஸ்டர்ல, ஜோஷுவாவை லண்டன்ல. 2025 ஜூலைல டுபாவை வெம்ப்ளியில அஞ்சாவது ரவுண்டுல முடிச்சாரு. அதோட 24-0. ஜட்ஜ் அம்மாவுக்குத் தெரியும், எதிராளியோட ஊர்ல, எதிராளியோட ஜனங்க கத்துறப்போ பாயிண்ட் வாங்குறது எவ்வளவு கஷ்டம்னு. ரவுண்டு எண்ணிக்கை கம்மிதான், ஆனா ஒண்ணுகூட சும்மா ஆடின ரவுண்டு இல்ல.

கிராஃபோர்டு 135 பவுண்டுல முதல் உலகப் பட்டம் ஜெயிச்சவர். 2025 செப்டம்பர்ல 168-ல போய் கேனலோவையே ஜெயிச்சு 42-0 ஆனாரு. 33 பவுண்டு மேல ஏறி, தன்னைவிடப் பெரிய உடம்பை அதோட சொந்த எடையில ஜெயிச்சாரு. அதுவும் 37 வயசுல. ராபின்சனும் வெல்டர்ல இருந்து மேல ஏறி ஏறித்தான் பெரிய ஆளுங்களைத் தேடிப் போனாரு, அந்த வழியில வந்தவர்தான் இவர். ரெண்டு பேரையும் எழுதுங்க. உசிக் பேருக்குக் கீழ இடம் இருந்தா ரெக்கார்டோட ரீகா, மாஸ்கோ, லண்டன்னு ஊர் பேரையும் சின்ன எழுத்துல போடச் சொல்லுங்க.